உள்ளதை எழுதுங்கோ

அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் (டி.ஓ.டி.) போதைப்பொருள் சோதனையில் பொசிற்றிவ் வந்த கனடியச் சாரதி திரும்பவும் போடர் தாண்டி ஓடலாம். வழி இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அதைப் படிப்படியாக எழுதியே வைத்திருக்கிறார்கள். ட்ரக் கொம்பனி ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன் நான். அந்தப் படிகளைச் சாரதிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. சிலருக்குக் கூடவே இருந்து படிவம் நிரப்பியும் கொடுத்திருக்கிறேன். இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன், அண்ணையின் விஷயம் வரும்வரை.

பெயர் வேண்டாம், அண்ணை என்றே சொல்கிறேன். யார்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாகன உதிரிப்பாகங்களை ஏற்றிக்கொண்டு அம்பாசடர் பாலத்தால் டெற்றோயிற் போய் வருவது அவருடைய ஓட்டம். எழுமாற்றுச் சோதனையில் அவர் பெயர் விழுந்தது. அதில் அதிசயமில்லை. 2020 இலிருந்து ஒவ்வொரு ஆண்டும் சாரதிகளின் எண்ணிக்கையில் 50 சதவீதத்துக்குச் சமமான சோதனைகளை நடத்த வேண்டும், இன்றில்லாவிட்டால் நாளை எல்லோருக்கும் விழும். முடிவு கஞ்சா என்று வந்தது.

இரவில் படுக்கப் போகும்போது நாக்குக்குக் கீழே விடுகிற எண்ணெய் அது. முதுகு நோவுக்கும் நித்திரைக்கும். ஒன்ராறியோவில் கடையில் வரி கட்டி வாங்கியது. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 இலிருந்து அது குற்றமே இல்லை. ஆனால் போடர் ஓடுகிற கனடியச் சாரதிக்கு அமெரிக்க விதிதான். சிறுநீர்ச் சோதனை, ஆள் அந்த நேரம் மயக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. உடல் உடைத்து வெளியேற்றும் மிச்சத்தைத்தான் அளக்கிறது. தொடர்ந்து பாவிப்பவரிடம் அது வாரக்கணக்கில் நிற்கும். முதல் சோதனையில் மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம், உறுதிப்படுத்தும் சோதனையில் 15. அந்த அளவைத் தொட்டுவிட்டால் எப்போது பாவித்தார், எதற்குப் பாவித்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. முடிவைச் சரிபார்க்கும் மருத்துவர் தொலைபேசியில் கேட்டபோது அண்ணை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இங்கே அது சட்டபூர்வமானது என்று சொன்னாலும், வைத்தியரின் கடிதத்தையே காட்டினாலும் அங்கே எடுபடாது. 72 மணி நேரத்துக்குள் கேட்டால், பிரித்து வைத்திருக்கும் மற்றப் போத்தலை வேறு ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். அவர் கேட்கவில்லை. “நான் பாவிச்சனான்தானே, பிறகு என்னத்துக்கு?” என்றார்.

உடனே அவரை ட்ரக்கிலிருந்து இறக்கினேன். ஆலோசகர்களின் பட்டியலைக் கொடுத்தேன். ‘சாப்’ என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் போதைப்பொருள் ஆலோசகர்கள் இவர்கள். அவர்களில் ஒருவரைப் பார்க்காமல் எந்தச் சாரதியும் திரும்ப முடியாது. இதுவரை எல்லாம் விதிப்படி.

அதற்குப் பிறகு வருவது எங்கள் கொம்பனியின் சொந்தப் படிவம். அதன் இரண்டாம் பக்கத்தில், உங்களுக்குப் போதைப்பொருளில் தங்கியிருக்கும் நிலை இருக்கிறதா என்று ஒரு கேள்வி. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். முதலாளியின் அறைக்குப் போவதற்கு முன் அதை நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணை மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படிவத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன எழுதட்டும் தம்பி?”

“உள்ளதை எழுதுங்கோ அண்ணை.”

‘இல்லை’ பெட்டியில் சரி போட்டார். வேலை போனது அந்த இடத்தில்தான்.

எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். போதைப்பொருளில் தங்கியிருப்பதை, முன்பு ஒருகாலம் தங்கியிருந்ததையும்கூட, கனடிய மனித உரிமைச் சட்டம் உடற்குறைபாட்டோடு சேர்த்தே எண்ணுகிறது. அப்படிப்பட்டவரை முதலாளி சும்மா தூக்கிவிட முடியாது, இயன்ற அளவுக்கு இடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சும்மா பாவித்தேன், எனக்கு அடிமைத்தனம் இல்லை என்று சொல்கிறவருக்கு அந்தக் காப்பு இல்லை. அவர் விதியை மீறியவர், அவ்வளவுதான். அண்ணைக்கு முன்னால் எங்கள் கொம்பனியில் ஒரு இளைஞன் கொக்கெயினோடு பிடிபட்டான். அவன் ‘ஆம்’ போட்டான். சம்பளமில்லா விடுப்பில் சிகிச்சைக்குப் போனான், திரும்பி வந்தான், இப்போது ஒழுங்காக ஓடுகிறான். அவனை வைத்திருந்தது சரிதான், அதை இன்றைக்கும் யாரோடும் வாதாடுவேன். ஆனால் கொக்கெயின் எடுத்தவன் ட்ரக்கில் இருக்கிறான், நித்திரைக்கு எண்ணெய் விட்டவர் வீட்டில் இருந்தார் என்பதை நான் எந்த வாதத்தால் விழுங்குவது?

முதலாளி கெட்டவர் இல்லை. படிவத்தைப் பார்த்தார், வழக்கறிஞரோடு கதைத்தார், அடுத்த கிழமை கடிதம் தயாராக இருந்தது. மொன்றியல் பக்கம் உள்ளூர் ஓட்டம் கொடுத்துப் பார்ப்போம், அதற்கு அமெரிக்க விதி தேவையில்லையே என்று நான் கேட்டேன். காப்புறுதிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். கேட்டுப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. வேலைநீக்கம் நியாயமில்லை என்று நினைத்தால் 90 நாளுக்குள் மத்திய தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு செய்யலாம் என்று அண்ணையிடம் தனியே சொன்னேன். கொம்பனியிடம் சம்பளம் வாங்குகிற நான் அதைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அவர்தான் கையை விரித்தார். “வழக்கோ? என்னால ஏலாது தம்பி. காசைத் தந்திட்டாங்கள், போகட்டும்.”

சரி, அந்தப் பதிலுக்கு வருகிறேன். நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ‘ஆம்’ போடுங்கோ என்றா? இல்லாத நோயை இருக்கிறது என்று கையெழுத்து வைக்கச் சொல்வது பொய் சொல்லச் சொல்வதுதான். அதோடு அந்தப் பொய் கொம்பனிக்குள் நிற்காது. தன்னைப் போதைக்கு அடிமை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட கனடியரை அமெரிக்கப் போடரில் திருப்பி அனுப்ப அவர்களின் குடிவரவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. வேலையைக் காப்பாற்றப் போய் ஓட்டத்தையே இழந்திருப்பார். இப்படி என்னிடம் நல்ல நியாயங்கள் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அண்ணை கேட்டபோது போடர் என் நினைவில் இருக்கவில்லை. அது பிறகு தேடிக் கண்டுபிடித்த நியாயம். அன்றைக்கு என் வாயில் வந்தது பாதுகாப்பு அதிகாரி யாரும் யோசிக்காமல் சொல்லும் பதில்.

விதி கடுமையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 1987 ஜனவரி 4 ஆம் திகதி மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில், கஞ்சா புகைத்திருந்த ஒருவர் தன் ரயில் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டி வந்து பயணிகள் ரயிலின் பாதையில் விட்டார். 16 பேர் இறந்தார்கள். 1991 இல் அமெரிக்கா இந்தச் சோதனைகளைச் சட்டமாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். நெடுஞ்சாலை 401 இல் என் பிள்ளைகளும்தான் போகிறார்கள். ஆகவே அண்ணையைச் சோதித்தது பிழை என்றோ, இறக்கியது பிழை என்றோ நான் சொல்லவில்லை. என்னை அரிப்பது அந்தப் பெட்டி மட்டும்.

அவருக்கு உண்மையில் இருந்தது முதுகு நோ. இருபது வருடம் ட்ரக் இருக்கையில் குலுங்கிய முதுகு. அதனால் வந்த நித்திரையின்மை. மனித உரிமைச் சட்டத்தின் முன்னால் அதுவும் ஒரு உடற்குறைபாடாக நின்றிருக்கலாம். வைத்தியரிடம் அனுப்பி, வேறு மருந்து எடுத்துத் தந்து, திரும்ப எடுத்திருக்கலாம். எங்கள் படிவம் அதைக் கேட்கவே இல்லை. உள்ளதை எழுதச் சொன்ன நான், உள்ளதை எழுத அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டாமா? பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கோ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பிறகு நினைக்கிறேன், எழுதியிருந்தாலும் முதலாளி அதே கடிதத்தைத்தான் கொடுத்திருப்பார். அந்த எண்ணம் ஆறுதலாக இருக்கிற அன்றைக்கு என் மீதே எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அண்ணை ஆலோசகரைப் பார்த்தார். செலவு அவருடையது. கிளியரிங்ஹவுஸ் தளத்தில், அதாவது சாரதிகளின் சோதனை மீறல்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் இணையத்தளத்தில், அவரைப் பதிய வைத்து, ஆலோசகரைத் தெரிவு செய்யும் இடம்வரை கொண்டுபோனது நான்தான், அவருடைய வீட்டுக் குசினி மேசையில், அவருடைய கைத்தொலைபேசியில். ஒரு ஆலோசகரின் மதிப்பீடு பிடிக்கவில்லை என்று இன்னொருவரிடம் போக முடியாது, முதலில் பார்த்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. அடிமைத்தனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தாலும் ஒன்றும் தேவையில்லை என்று விட முடியாது, ஏதாவது ஒரு கல்வியோ சிகிச்சையோ பரிந்துரைத்தே ஆக வேண்டும். அண்ணைக்கு ஒரு வகுப்பு. முடித்தார். திரும்பவும் மதிப்பீடு. அதிலும் தேறினார். இனி வேலைக்குத் திரும்பும் சோதனை ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் பொறி. அந்தச் சோதனைக்குச் சாரதி தானாகப் போக முடியாது. ஒரு கொம்பனி அனுப்ப வேண்டும். அனுப்புகிற கொம்பனிதான் நெகற்றிவ் முடிவைக் கிளியரிங்ஹவுஸில் பதிய வேண்டும், அதற்குப் பிறகு முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 தடவை முன்னறிவிப்பில்லாமல் பின்தொடர் சோதனை நடத்த வேண்டும். ஆலோசகர் விரும்பினால் அது 60 மாதம்வரை நீளலாம். எப்போது, எத்தனை என்ற திட்டத்தைச் சாரதிக்குச் சொல்லவும் கூடாது. தன்னிடம் பிடிபடாத ஒருவருக்காக இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்ள எந்தக் கொம்பனி வரும்? நான் விசாரித்த இடங்களில் எல்லாம், ‘தடை’ என்ற சொல் கிளியரிங்ஹவுஸ் திரையில் அவர் பெயரில் நிற்கும்வரை பேசவே தயாரில்லை. தடை நீங்க வேலை வேண்டும், வேலைக்குத் தடை நீங்க வேண்டும்.

கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒருவர், சில ட்ரக்குகள் மட்டும் வைத்திருப்பவர், அனுப்பினார். போவதற்கு முதல் நாள் அண்ணை என்னை அழைத்தார். இந்தச் சோதனை முன்னையது போல இல்லை, கண்முன்னால் நடப்பது என்று விளக்கினேன். ஒரு ஆண் அலுவலர் உள்ளே வருவார். மேற்சட்டையை இடுப்புக்கு மேலே உயர்த்தி, களிசானையும் உள்ளாடையையும் இறக்கி, ஒரு சுற்றுத் திரும்பிக் காட்ட வேண்டும். மறைத்து வைத்த கருவி எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, உடலிலிருந்து குவளைக்குள் விழுவதையும் அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்தொடர் சோதனைகள் எல்லாமே இப்படித்தான். சொல்லும்போது எனக்கு நாக்குத் தடக்கியது. அவர்தான் என்னைத் தேற்றினார். “இதைவிட மோசமா நிக்க வைச்சவங்கள் தம்பி, ஊரில. அதுக்குப் பிறகு வேலை தரேல்லை. இவங்கள் தருவாங்கள்தானே?”

தந்தார்கள். இப்போது ஓடுகிறார். கிடைக்கும் சம்பளம் முன்னைய அளவு இல்லை, ஓட்டமும் தூரம். கோவிலில் கண்டால் நின்று கதைப்பார். ஒருமுறை நானாகவே அந்தப் படிவத்தைப் பற்றி எடுத்தேன். “நீ சொன்னது சரி. பொய் எழுதியிருந்தா எனக்கு நித்திரை வந்திராது” என்றார். பிறகு, “இப்பவும் வாறேல்லைத்தான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். எண்ணெயை விட்டுவிட்டார். வைத்தியரிடம் போனாரா என்று கேட்டேன், போக வேணும் என்றார்.

படிவத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெட்டிகள் இருக்கட்டும், அவற்றுக்குக் கீழே சாரதி தன் நிலையைத் தன் சொல்லில் எழுத அரைப் பக்கம் விடுங்கள், கையெழுத்து வைப்பதற்கு முன் வெளியில் ஆலோசனை கேட்க ஒரு நாள் கொடுங்கள் என்று. எழுத விட்டால் பொறுப்புக் கூடும் என்று வழக்கறிஞர் நினைக்கிறாராம். முதலாளி, பார்ப்போம் என்கிறார். இந்த மாதக் கூட்டத்திலும் கேட்கப் போகிறேன்.