இரண்டரை மணி எந்த ஊரில்?

மார்ச் 3, 2025, திங்கள்

இரவு ஒரு மணிக்கு ஓடும் பேக்கப்பை இரண்டரைக்குத் தள்ளச் சொல்லி வேலை வந்திருக்கிறது. மொத்தம் 17 விண்டோஸ் சர்வர்கள். 12 இங்கே சிங்கப்பூரில், 5 சென்னையில். அங்கே பில்லிங் முடிய ஒன்றரை ஆகிவிடுகிறது, பாதியில் பேக்கப்பும் சேர்ந்துகொண்டால் டிஸ்க் திணறுகிறது. ஒவ்வொன்றாக உள்ளே போய், குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து மாற்றினால் ஒரு நாள் போய்விடும், கை தவறவும் செய்யும். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதிவிடலாம்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் ஓட்டம் ஆறாவது சர்வரில் நின்றது. அங்கே டாஸ்க் விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்கில் ஓடவில்லை, பாஸ்வேர்டு உள்ள தனிக் கணக்கில் ஓடுகிறது. அப்படிப்பட்ட டாஸ்க்கில் நேரத்தை மட்டும் மாற்றினாலும் பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கும். அதை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்க எனக்கு மனமில்லை. தொடங்கும்போதே ஒரு முறை கேட்டு வாங்கிக்கொள்ளும்படி மாற்றினேன். மாலை ஆறுக்குள் 17-ம் பச்சை. நிம்மதியாக ஈசூன் ரயில் ஏறினேன்.

மார்ச் 5, புதன்

அதிகாலை 2:40-க்கு போன். சென்னைத் தம்பி. "அக்கா, பில்லிங் இன்னும் ஓடிட்டிருக்கு, அதுக்குள்ள பேக்கப் ஆரம்பிச்சிருச்சு!"

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரைக்குத் தொடங்கியிருக்கிறது, சரிதானே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது: சரியாக இருப்பது என் கடிகாரத்துக்கு. அவனுக்கு மணி 12:10.

பேக்கப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். டாஸ்க்கின் தொடக்க நேரம் 02:30:00 என்று இருந்து, பின்னால் +08:00 ஒட்டிக்கொண்டிருந்தது, அதாவது உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னே இருக்கும் சிங்கப்பூர் நேரம். டாஸ்க் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரைப் புதிதாக என் கணினியில் உருவாக்கி அனுப்பியதால் என் ஊர் நேரமும் கூடவே போய்விட்டது. இங்குள்ள 12 சர்வர்களிலும் அதே வால் உண்டு, ஆனால் இங்கே ஊர் நேரமும் அதுவேதான் என்பதால் வெளியே தெரியவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, இது அதைவிடக் கவலை. ஒரு சர்வரில் சனிக்கிழமை முழு பேக்கப்புக்கு இரண்டாவது ட்ரிகர் இருந்தது. இப்போது காணோம். புது ட்ரிகரைக் கொடுத்தால் பழையவை அத்தனையையும் அழித்துவிட்டுத்தான் அது உட்காரும். போன் வராமல் இருந்திருந்தால் சனிக்கிழமை வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

மாலை வீட்டில் சொன்னதும் அப்பா, "நான் வந்த புதுசுல ஊருக்கும் இங்கேயும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்றார். உண்மைதான். 1982 ஜனவரி 1 முதல்தான் சிங்கப்பூர் நேரம் அரை மணி முன்னே போனது.

மார்ச் 6, வியாழன்

திருத்தி எழுதினேன். இப்போது ஸ்கிரிப்ட் புது ட்ரிகர் உருவாக்குவதில்லை. சர்வரில் இருக்கும் டாஸ்க்கை எடுத்து, தினசரி ட்ரிகரின் தொடக்க நேரத்தை மட்டும் 2025-03-06T02:30:00 என்று வால் இல்லாமல் மாற்றித் திரும்ப வைக்கிறது. வால் இல்லையென்றால் சர்வர் தன் ஊர் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். தொடும் முன் ஒவ்வொரு டாஸ்க்கையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து வைக்கிறது. முதல் தடவையே இதைச் செய்திருக்க வேண்டும். சனிக்கிழமை ட்ரிகரைப் போன மாத ஸ்கிரீன்ஷாட் ஒன்றைப் பார்த்துக் கையால் சேர்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். சென்னை லாகில் பில்லிங் 1:34-க்கு முடிந்திருக்கிறது, பேக்கப் தொடங்கியது 2:30:01. தம்பிக்கு அனுப்பினேன். "பாத்துட்டேன் அக்கா, தூங்குங்க" என்று பதில் வந்தது.