மெலிந்துபோன சவேரியார்

எங்கள் கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல், அவர் இறந்து நூற்றாண்டுகள் ஆகியும் தூங்குகிறவர் உடலைப் போல இருக்கும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அவருடைய நகமும் முடியும் இன்னும் வளர்கின்றன, ஆண்டுதோறும் வெட்டிவிடுகிறார்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் பக்கத்தில் இருந்த பையன் சொன்னதைப் பல வருடங்கள் நம்பியிருந்தேன்.

டிசம்பர் 3 திருவிழாவுக்குக் கோட்டாறு பேராலயத்துக்குப் போகாத ஆண்டு எங்கள் வீட்டில் கிடையாது. 'கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்' என்பதை அம்மா தன் சொந்த மந்திரம்போலச் சொல்வார். ஆனால் அந்தச் சவேரியாரின் உடல் இருக்கும் கோவாவுக்கு அவர் போனதே இல்லை. உடலை அருகில் நின்று பார்ப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. 2014இல் முழங்கால் வலி தடுத்துவிட்டது. 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை மீண்டும் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று கோயிலில் அறிவித்த அன்று, "அடுத்ததற்கு நான் இருப்பேனோ என்னவோ" என்று ஒரே வரியில் காரியத்தை முடித்துவிட்டார். டிக்கெட் எடுத்தேன்.

மட்காவில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துப் பழைய கோவா போய்ச் சேர்ந்தோம். முதலில் போம் ஜேசு பேராலயம். 1605இல் அர்ச்சிக்கப்பட்ட இந்தக் கோயில் செம்பூராங்கல்லில் கட்டப்பட்டது. வெளிச்சுவரின் பூச்சை 1950களில் பழமையைக் காட்டுகிறோம் என்று உரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. மற்ற நாட்களில் சவேரியார் இங்கேதான் இருப்பார். தஸ்கனி நாட்டுப் பிரபு மூன்றாம் கோசிமோ அனுப்பிய பளிங்கு மேடையின் உச்சியில், கோவா தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழைக்குள். கீழே நின்று கழுத்தை எவ்வளவு நிமிர்த்தினாலும் பேழைதான் தெரியும். காட்சிக் காலத்தில் கண்ணாடிப் பெட்டியோடு இறக்கி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சே பேராலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

வரிசை நீண்டு கிடந்தது. அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தார். நான் படித்து வந்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்தி குறைந்தவன் என்று நினைக்க வேண்டாம். பார்க்கப் போவது என்ன என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சீனாவுக்குள் நுழைய வழி பார்த்துச் சான்சியான் தீவில் காத்திருந்தபோது, 1552 டிசம்பர் 3 அன்று சவேரியார் காய்ச்சலில் இறந்தார். வயது 46. பின்னால் எலும்புகளை எடுத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று சவப்பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். சுண்ணாம்பு சதையை அரித்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1553 பிப்ரவரியில் தோண்டியபோது உடல் அப்படியே இருந்தது. மலாக்காவுக்குக் கொண்டுபோய், பெட்டிகூட இல்லாமல் வெறும் மண்ணில் அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டில் மீண்டும் தோண்டினார்கள், அப்போதும் கெடவில்லை. 1554 மார்ச்சில் கோவா வந்தது. வைஸ்ராயின் மருத்துவர் கோஸ்மே சாராய்வா உடலைத் தொட்டுச் சோதித்து, குடல்கள் உள்ளேயே இருக்கின்றன, பதப்படுத்த எந்த மருந்தும் இடப்படவில்லை என்று சாட்சி சொன்னார்.

சுண்ணாம்பைப் பற்றி இன்று தெரிந்தது வேறு. அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதன் காரத்தன்மையில் அழுகச் செய்யும் கிருமிகளால் தழைக்க முடிவதில்லை. சதையைக் கரைக்கப் போட்டது அதைக் காத்திருக்கக்கூடும். சான்சியானுக்கு இந்த விளக்கம் எனக்குப் போதும். ஆனால் மலாக்காவின் மண்ணில் ஐந்து மாதம் வெறும் உடலாகக் கிடந்ததற்கும் அதுவே முழு விடையா? அந்த இடத்தில் என் அறிவு நின்றுவிடுகிறது. புதுமை, அதாவது கடவுள் செய்த அற்புதம், என்று அடித்துச் சொல்லவும் துணிவில்லை, ஒன்றுமில்லை என்று தள்ளவும் மனம் வரவில்லை.

வரிசை நகர்ந்தது. பெரிய கதவைக் கடந்தோம். பீடத்தின் முன்னால் கண்ணாடிப் பெட்டி, சுற்றிலும் மலர்கள். நகருங்கள் நகருங்கள் என்று தொண்டர்கள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது அதிகம் போனால் அரை நிமிடம்.

தூங்குகிறவர் போல இல்லை. பொன்னிழை வேய்ந்த குருத்துவ உடைக்குள் சிறிய, கறுத்து உலர்ந்த உடல். எலும்போடு ஒட்டிய தோல். முகம் குழிந்திருந்தது. பாதங்களைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தக் கால்கள் தூத்துக்குடியிலிருந்து கொல்லம் வரை மணலில் நடந்தவை. கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மனப்பாடம் செய்த தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். வழியெல்லாம் எடுத்து வந்த கேள்விகளில் ஒன்றும் அந்த அரை நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை.

அம்மா சிலுவை வரைந்துகொண்டு வெளியே வரும்வரை பேசவில்லை. மரநிழலில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "மிகவும் மெலிந்துபோய்விட்டார், மக்களே." எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம். நெடுநாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். ஏமாற்றமா என்று கேட்டேன். "எனக்கு என்ன ஏமாற்றம்? 470 வருடம் ஆகிறதே. உன் தாத்தா ஒரு வருடத்தில் எப்படி ஆனார்?" என்றார். கணக்கு சரிதான்.

அந்த மெலிவுக்குக் காலம் மட்டும் காரணமில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். 1554இலேயே ஒரு பெண் பாதத்தை முத்தமிடுவதுபோலக் குனிந்து ஒரு விரலைக் கடித்து எடுத்துக்கொண்டார் என்று பரம்பரையாகச் சொல்கிறார்கள். 1614இல் அவருடைய துறவற சபையான இயேசு சபையின் தலைவர் இட்ட உத்தரவின்படி வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். மேற்கை, தோள்பட்டை, பிறகு உள்ளுறுப்புகள் என்று, வணங்கி வைத்துக்கொள்ளும் திருப்பண்டங்களாகப் பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மண்ணும் சுண்ணாம்பும் விட்டுவைத்ததைப் பக்தர்கள் விட்டுவைக்கவில்லை. இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இன்னொன்று. காட்சிக்கு வைக்கும் வழக்கமே சந்தேகத்தில் பிறந்தது. 1759இல் போர்த்துக்கீசிய அரசு இயேசு சபையாரைத் துரத்தியபோது, அவர்கள் உண்மையான உடலை எடுத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவியது. அதை அடக்கத்தான் 1782இல் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார்கள். என் போன்ற சந்தேகப் பிராணிகளுக்கு அந்த வரிசையில் அன்றே இடம் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு அடுத்த கவலை, லூர்து நகரில் மாதாவின் காட்சி கண்ட புனித பெர்னதெத். எங்கள் வீட்டுச் சுவரில் பிரான்சின் நெவேர் மடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் அவருடைய படம் உண்டு. அது உண்மையிலேயே தூங்கும் முகம். மெழுகு என்று சொல்ல முதலில் தயங்கினேன். பெர்னதெத் 1879இல் இறந்தார். 1909, 1919, 1925 என மூன்று முறை கல்லறையைத் திறந்தார்கள். உடல் வியக்கத்தக்க விதத்தில் கெடாமல் இருந்ததை மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்; முகம் கறுத்துக் கண்கள் குழிந்திருந்ததையும் எழுதிவைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் மிரளக் கூடாது என்று முகத்துக்கும் கைகளுக்கும் மெல்லிய மெழுகு மூடி செய்தார்கள். யாரும் மறைக்கவில்லை. படத்தை அச்சிட்டு விற்கிறவர்கள்தான் அதைச் சொல்வதில்லை.

இத்தாலியின் அசிசியில் கிடத்தியிருக்கும் இளம் புனிதர் கார்லோ அகுதிஸுக்கும் சிலிக்கன் முகம்தான். 2006இல் 15 வயதில் இறந்த அந்தப் பையனின் உடல் அழியாமல் இருக்கவில்லை என்று 2020இல் அவ்வூர் ஆயரே வெளிப்படையாகச் சொன்னார். 2001இல் திருத்தந்தை 23ஆம் யோவானின் பெட்டியைத் திறந்தபோது முகம் அடையாளம் தெரியும்படி இருந்தது. அவர் உடல் பதப்படுத்தப்பட்டிருந்ததால் வத்திக்கான் அதைப் புதுமை என்று அறிவிக்கவில்லை. கொர்தோனா நகரின் புனித மார்கரெட் 1297இல் இறந்தவர். அவர் உடலில் வெட்டித் தைத்த நீண்ட தடங்களைப் பிற்கால மருத்துவர்கள் கண்டார்கள், அதாவது அதுவும் மருந்திட்டுக் காத்த உடல். வேறு சில இடங்களில் வறண்ட காற்று உலர்த்திவிடுகிறது. ஈரமும் காற்றின்மையும் சேர்ந்தால் உடலின் கொழுப்பே சோப்புபோல இறுகிக் காப்பாகிவிடுவதும் உண்டு. இதற்குப் புனிதராக இருக்க வேண்டிய அவசியமில்லை. புனிதர் பட்டத்துக்குக் கேட்கப்படும் புதுமைகளில் இன்று திருச்சபை உடல் அழியாமையைச் சேர்ப்பதுமில்லை. கோவா மறைமாவட்டமும் இந்தக் காட்சியைத் திருப்பண்டங்களின் காட்சி என்றுதான் அழைக்கிறது. 'அழியாத உடல்' என்பது நம் நாக்கிலும் நாட்காட்டியிலும் ஒட்டிக்கொண்ட சொல்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெட்டிய கை மட்டும் அவரை விடவில்லை. திரும்பும் ரயிலில் மறுபடியும் கேட்டார்: "எந்தக் கை?"

வலது கை. 1544இன் இறுதியில் எங்கள் திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சவேரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகிறது என்றும் எழுதியவர். அந்தக் கை இப்போது ரோமில் ஜெசு கோயிலில் அவருக்கான பீடத்தின் மேல், பொன் பேழைக்குள் நிமிர்ந்து நிற்கிறது. அலைபேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம் வீட்டு ஆட்களின் தலையில் தண்ணீர் ஊற்றிய கை," என்றார். பிறகு, பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.