கடல் பசு

பாம்பனில் கரண்ட் போன ராத்திரிகளில் அப்பத்தா வாசலில் உட்கார்ந்து விடுகதை போடும். "தண்ணியில பொறப்பான், தண்ணி பட்டா சாவான். யாரு?" எவ்வளவு கெஞ்சினாலும் விடை சொல்லாது. மூன்றாம் நாள், கொதிக்கிற மீன் குழம்பில் அம்மா கல்லுப்பை அள்ளிப் போட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஐயா வேறு மாதிரி. கடலுக்குப் போய் வந்து, "இன்னைக்கு ஆவுளியா பார்த்தேன்" என்பார். பள்ளிக்கூடத்தில் அதைக் கடல் பசு என்றார்கள். கொம்பில்லை, கால் இல்லை, அப்புறம் எப்படிப் பசு என்று கேட்டேன். "அடியில கிடக்குற புல்லத்தான் மேயும். குட்டிக்குப் பால் குடுக்கும். வேற என்னன்னு சொல்றது?"

பல வருடம் கழித்து, ஒன்றைப் பெயர் சொல்லாமல் வேறு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் 'கென்னிங்' பற்றிப் படித்தபோது ஐயா நினைவுதான் வந்தது. பழைய ஆங்கிலத்திலும் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலும் பாடியவர்கள் கடலைத் 'திமிங்கிலப் பாதை' என்றார்கள். உடம்பு 'எலும்பு வீடு'. கப்பல் 'அலைக் குதிரை'. இதைச் சுருக்கமான விடுகதை என்று சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. விடுகதை நம்மை நிறுத்திவைத்துக் கேட்கிறது. விடை தெரிந்ததும் ஆட்டம் முடிந்தது. உப்புக் கதையை என்னிடம் மறுபடி போட முடியாது. கென்னிங் எதையும் கேட்பதில்லை. உனக்குத் தெரியும் என்று நம்பிப் பாட்டோடு போய்க்கொண்டே இருக்கிறது. நூறாவது தடவை கேட்டாலும் அந்தத் திமிங்கிலம் கண்ணில் தெரிகிறது.

அவர்களிடம் விடுகதையும் உண்டு. பழைய ஆங்கிலப் பாட்டுகளின் தொகுப்பான 10ஆம் நூற்றாண்டு எக்ஸிடர் ஏட்டில் 90க்கு மேல் இருக்கின்றன, விடை எழுதாமலே. ஒன்றில் ஒரு பொருள் பேசுகிறது: அலையோடும் காற்றோடும் சண்டை போடுகிறேன், அசையாமல் கிடந்தால் ஜெயிப்பேன். ஐயாவுக்குப் படித்துக் காட்டியிருந்தால் முடிக்கும் முன்பே 'நங்கூரம்' என்றிருப்பார்.

நம்மிடமும் இரண்டும் உண்டு. விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்கிறது. கென்னிங்குக்குக் கிட்டே வருவது அன்மொழித்தொகை. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது வளையல் இல்லை, போட்டிருப்பவள். அதைக் கேட்டு யாரும் விடை தேடுவதில்லை.

ஆனால் பொருளையே பார்க்காதவர்களுக்கு? என் மகள் ஆவுளியாவைப் பார்த்ததில்லை, பெயரும் கேட்டதில்லை. நேற்று ராத்திரி அவளிடம் போட்டேன்: "கொம்பில்லாத பசு, புல் மேயும், கரையேறாது. யாரு?"

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதும் கெஞ்சினாள். நான் சொல்லவில்லை.