82-இல் 83-ஆவது கார்டு

போக்கிமான் கார்டு விளையாட்டில், டீம் ராக்கெட் என்ற செட்டில் (ஒரே பெயரில் சேர்ந்து வெளிவரும் கார்டுத் தொகுப்பில்) டார்க் ராய்ச்சு என்றொரு கார்டு உண்டு. அதன் கீழ் மூலையில் 83/82 என்று அச்சாகியிருக்கும். அச்சுப் பிழை கிடையாது. வேண்டுமென்றே கணக்குக்கு வெளியே வைத்த ரகசிய கார்டு அது. 82 கார்டு சேர்ந்தால் 100% என்று எழுதி வைத்த நிரல், இந்த ஒன்றைச் சேர்த்ததும் 101% என்று காட்டும். கார்டு செட்களைப் புரட்டிப் பார்க்க ஒரு செயலி எழுதுவதில் உள்ள சிக்கல்களில் பாதி இந்த ஒரு கார்டிலேயே அடக்கம்.

ஓசூரில் இப்படி ஒரு செயலி கேட்டு வருபவர் பெரும்பாலும் பொம்மைக் கடையோடு சேர்த்துக் கார்டு விற்பவராக இருப்பார். இல்லையென்றால், வாரக் கடைசியில் பெங்களூரு போய் மேஜிக் என்ற கார்டு விளையாட்டை ஆடிவிட்டுத் திரும்பும் ஐடி பையன். இருவரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இந்த செட்டுல எனக்கு இன்னும் என்னென்ன பாக்கி?" அதற்குப் பதில் சொல்ல, எதை ஒரு கார்டு என்று எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். திரையின் நிறமும் பட்டனின் வடிவமும் அதற்குப் பிறகு.

மேஜிக்கின் முதல் பதிப்பான ஆல்ஃபா 1993-இல் வந்தது; 295 கார்டு. அதே ஆண்டு வந்த பீட்டாவில் 302. கூடுதலான ஏழில், ஆல்ஃபாவில் விடுபட்டுப்போன கார்டுகள் இரண்டுதான். மற்ற ஐந்தும், காடு போன்ற நில வகை ஐந்துக்கும் ஏற்கெனவே இருந்த இரண்டு படங்களோடு வகைக்கொன்றாகச் சேர்த்த மூன்றாவது படங்கள். விளையாடுபவருக்குக் காடு என்றால் எந்தப் படமானாலும் காடுதான். சேகரிப்பவருக்கு மூன்று படமும் மூன்று கார்டு. போக்கிமான் பேஸ் செட்டின் சாரிசார்டு 4/102-ஐ எடுத்துக்கொண்டால், முதல் பதிப்பு முத்திரை உள்ளது, நிழல் கோடு இல்லாதது, சாதாரணமானது என்று மூன்றிலும் எண் ஒன்றே, விலை மட்டும் எங்கேயோ. கிருஷ்ணகிரி மண்டிக்கு வரும் பெங்களூரா மாம்பழத்திலும் கூழ் ஆலைக்குப் போவது ஒரு விலை, சந்தைக்குப் போவது ஒரு விலை இல்லையா, அப்படித்தான்.

ஆகவே தரவுத்தளத்தில் டேபிள் நான்கு வேண்டும். விதிப்படி ஒரே கார்டு என்பது முதல் டேபிள். அது எந்தச் செட்டில், எந்த எண்ணில் அச்சானது என்பது இரண்டாவது. சாதா, ஃபாயில் (மினுக்கும் அச்சு), ரிவர்ஸ் ஹோலோ (படத்தை விட்டு மற்ற இடம் மினுக்குவது), முதல் பதிப்பு என்ற வகை மூன்றாவது. கையில் இருக்கும் பிரதி, அதன் நிலை, வாங்கிய விலை நான்காவது. முதல் இரண்டையும் ஒன்றாக்கினால் வேலை சீக்கிரம் முடிவது போலத் தெரியும். மறுபதிப்பு வரும் அன்று உடையும். மூன்றாவதைத் தவிர்க்கும் ஆசைதான் எல்லோருக்கும் வரும். ஆனால் கடைக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான்.

யூ-கி-ஓ என்ற கார்டு விளையாட்டு இன்னொரு முடிச்சு போடும். ஒரே செட், கார்டில் அச்சான ஒரே குறியீடு, ஆனால் அரிதுத் தரம் இரண்டு மூன்றாக வரும் கார்டுகள் அதில் சாதாரணம். குறியீட்டை மட்டும் வரிசையை அடையாளம் காட்டும் தனித்துவச் சாவியாக வைத்து, "இருந்தால் மாற்று" என்று ஏற்றினால் இரண்டாவது வரிசை முதலாவதை மேலெழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும் குறையும். குறியீடும் தரமும் சேர்ந்ததுதான் சாவி. அந்தக் கார்டின் இடது கீழ் மூலையில் இருக்கும் எட்டு இலக்கக் கடவுஎண்ணையும் எழுத்தாகவே சேமிக்க வேண்டும். ட்ராப் ஹோல் கார்டில் அது 04206964. முழு எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய்விடும். கார்டைப் பார்த்து அப்படியே தட்டுபவருக்குத் தேடலில் ஒன்றும் கிடைக்காது.

செட் எண்ணும் அப்படியே. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 1, 10, 100, 2 என்று நிற்கும். எண்ணாக மாற்றப் போனால் டிஜி01, ஜிஜி70 போன்ற போக்கிமான் துணைத்தொகுப்பு எண்களும், மேஜிக்கில் பின்னொட்டாக ஓர் எழுத்தோ நட்சத்திரமோ உள்ள எண்களும் இடறும். அச்சான எண்ணை அப்படியே ஒரு புலத்தில் வைத்துவிட்டு, முன்னெழுத்து, இலக்கம், பின்னொட்டு என்று மூன்றாகப் பிரித்து வரிசைக்கென்று தனியே வைப்பது நல்லது. தரவை ஏற்றும்போதே ஒருமுறை பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு தேடலிலும் பிரித்தால் பழைய ஃபோன் திணறும். பழைய மேஜிக் செட்களில் கார்டில் எண்ணே இருக்காது. 1998-இல் வந்த எக்ஸோடஸ் முதல்தான் எண் அச்சாகிறது. அதற்கு முந்தியவற்றுக்குத் தரவில் ஓர் எண் இருந்தாலும், "கார்டில் உள்ள எண்ணைத் தட்டுங்கள்" என்ற பெட்டியை அந்தச் செட்களுக்குக் காட்டக் கூடாது.

இனி பாக்கிக் கணக்கு. செட்டுக்கு இரண்டு மொத்தம் வையுங்கள்: கார்டில் அச்சான மொத்தம், உண்மையில் உள்ள மொத்தம். போக்கிமான் தரவில் இரண்டும் தனித்தனியாகவே கிடைக்கும். திரையிலும் இரண்டு பட்டை காட்டலாம். ஒன்பது பை கொண்ட ஆல்பத் தாளில் அடுக்குபவருக்குப் பக்க எண்ணும் சொன்னால் மிகவும் பிடிக்கும். வரிசை இடத்தில் ஒன்றைக் கழித்து ஒன்பதால் வகுத்தால் ஈவோடு ஒன்று கூட்டியது பக்கம், மீதியோடு ஒன்று கூட்டியது பை. 102 கார்டுக்கு 12 பக்கம், கடைசிப் பக்கத்தில் மூன்று பை நிறையும். இதை அச்சான எண்ணை வைத்துக் கணக்கிடாமல் வரிசை இடத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

தரவு எங்கிருந்து? மேஜிக்குக்கு, அதன் கார்டுத் தரவைத் திரட்டித் தரும் ஸ்க்ரைஃபால் தளத்தின் மொத்தக் கோப்பு போதும். கார்டு கார்டாக ஏபிஐயை (நிரல் வழியே தரவு கேட்கும் வாசலை)த் தட்டுவது அவர்களுக்கும் தொல்லை, நமக்கும் தாமதம். மொத்தக் கோப்பு சில நூறு எம்பி இருக்கும். அதை முழுதாக நினைவகத்தில் ஏற்றிப் பிரிக்கப் பார்த்தால் 4 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்கும். ஸ்ட்ரீமாக, அதாவது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, ஆயிரம் ஆயிரமாக எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதினால் அலுங்காமல் முடியும். ஏற்றும் போது வரும் முதல் விபத்து இருபக்கக் கார்டு. 2011-இல் வந்த இன்னிஸ்ட்ராட் செட்டில்தான் மேஜிக்கில் இருபுறமும் முகம் கொண்டவை முதலில் வந்தன. அவற்றுக்குப் பட முகவரி மேல்மட்டத்தில் இருக்காது, ஒவ்வொரு முகத்துக்குள்ளும் இருக்கும். ஆல்ஃபா, எக்ஸோடஸ், இன்னிஸ்ட்ராட், டீம் ராக்கெட் ஆகிய நான்கையும் சோதனைச் செட்டாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஓட்டைகள் முன்பே தெரிந்துவிடும்.

படங்கள்தான் காசைத் தின்னும். 280 கார்டுள்ள செட்டில் படம் 100 கேபி என்று வைத்தாலும் ஒருமுறை கீழே உருட்டியதில் 28 எம்பி போயிற்று. ஓசூரிலிருந்து தர்மபுரிக்கு ரயிலில் வருபவருக்கு ராயக்கோட்டைப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பட்டியலுக்கு 146×204 அளவுச் சிறு படம், தட்டினால் மட்டும் 488×680. படம் வருமுன்பே 63:88 விகிதத்தில் பெட்டியை ஒதுக்கிவிட்டால் பக்கம் துள்ளாது. யூ-கி-ஓ கார்டு மட்டும் 59:86. அதற்கான படங்களை யூ-கி-ஓ-ப்ரோ-டெக் தளத்திலிருந்து நேரடியாக இணைத்தால் ஐபி முகவரியைத் தடுத்துவிடுவார்கள். இறக்கி நம் சர்வரில்தான் வைக்க வேண்டும். ஸ்க்ரைஃபால் படங்களில் ஓவியர் பெயரையும் காப்புரிமை வரியையும் வெட்டக் கூடாது. அழகுக்காக அடிப்பகுதியை வெட்டும் டிசைனருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

தேடலில் ஒரு சின்ன விஷயம். எஸ்கியூலைட்டின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5, எழுத்தின் மேலுள்ள குறிகளைத் தானே நீக்கிக்கொள்ளும். ஆனால் ஏயும் ஈயும் ஒட்டிய பழைய ஆங்கிலக் கூட்டெழுத்தை அது பிரிக்காது. அதை நாமே மாற்றி இன்னொரு புலத்தில் வைக்க வேண்டும். பிள்ளைகள் கேட்ட ஒலிப்படி தட்டுவதற்கு, எஸ்கியூலைட் 3.34 பதிப்பு முதல் உள்ள, சொல்லை மூன்று மூன்று எழுத்தாக வெட்டித் தேடும் ட்ரைகிராம் முறை ஓரளவு கை கொடுக்கும்.

வெளியீட்டுத் தேதி இந்தியாவில் ஒரு விசேஷத் தொல்லை. தேதியை உள்ளூர் நள்ளிரவாக எடுத்து யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தால் முந்தைய நாள் மாலை 6.30 ஆகிவிடும். ஜனவரி 1 என்று குறித்த செட் போன ஆண்டில் போய் உட்காரும். அமெரிக்காவில் சோதிப்பவர் கண்ணுக்கு இது படாது. நேரமே இல்லாத வெறும் தேதியாக, எழுத்தாகவே வையுங்கள்.

கடைசியாகப் புதுப்பித்தல். மூலத் தரவில் இரண்டு பதிவுகளை ஒன்றாக்குவதும் ஒன்றை நீக்குவதும் நடக்கும். ஸ்க்ரைஃபால் இந்த மாற்றங்களுக்கென்றே தனிப் பட்டியல் தருகிறது. பழைய டேபிளை அழித்துப் புதிதாக ஏற்றுவதற்கு முன் அதைப் படித்து, பயனரின் பிரதிகளைப் புது ஐடிக்கு நகர்த்த வேண்டும். நீக்கிய பதிவைச் சுட்டும் பிரதி இருந்தால் அழிக்காமல் "சரிபார்க்க" என்று ஒதுக்கி வையுங்கள். பெட்டிக்கடைப் பாக்கெட்டில் வரும் போலிக் கார்டுகளுக்கும் அதே ஒதுக்கிடம் உதவும். அவற்றில் பல நேரம் பெயர் ஒரு கார்டுடையது, எண் இன்னொன்றுடையது. அவற்றை எந்த மொத்தத்திலும் சேர்க்கக் கூடாது.