இடது கால் நோட்டு

ஜூன் 18, சோமனூர்
தறிக்குடோனில் பாவு நூல் சுற்றிய பீம் உருளையைத் தறியில் ஏற்றும்போது இடுப்பில் சுளீரென்றது. அதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இரவில் இடது பிட்டத்தில் தொடங்கி சுண்டுவிரல் வரை நெருப்புக்கோடு ஓடுகிறது. தும்மினால் உயிர் போகிறது. "வாயுப் பிடிப்பு தம்பி, பூண்டு சுட்டுத் தின்" என்றார் பக்கத்துத் தறிக்காரர்.

ஜூன் 21
மருத்துவர் எங்கே வலி என்று கேட்டார். "கால் முழுக்கங்க" என்றேன். பேனாவைக் கொடுத்து, வலி போகும் வழியைக் காலிலேயே கோடாக வரையச் சொன்னார். பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல். முதுகெலும்பின் அடியில், திருவெலும்பின் முதல் நரம்பு வேர் நசுங்கியிருக்கலாம் என்றார். கோடு பெருவிரல் பக்கம் போயிருந்தால் அதற்கு மேலுள்ள வேராம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த நரம்புதான் உடம்பிலேயே மிகப் பருமனானதாம்.

மல்லாக்கப் படுக்கவைத்து, மடக்காமல் காலைத் தூக்கினார். 35 பாகையில் கத்திவிட்டேன். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டியதில் வலது பாதம் துள்ளியது, இடது அசையவே இல்லை. ஒற்றைக்காலில் நின்று நுனிவிரலில் எழுந்தது வலது 10 முறை, இடது 3.

ஸ்கேன் வேண்டாமா என்றேன். இப்போது எடுத்தாலும் வைத்தியம் இதேதான், முதுகெலும்புகளுக்கு நடுவிலிருந்து பிதுங்கி நரம்பை நசுக்கும் வட்டை (டிஸ்க்கை) பெரும்பாலும் உடம்பே கரைத்துவிடும், ஆறு வாரம் பார்ப்போம் என்றார். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும்போது தரையில் படும் உடம்புப் பகுதி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அந்த இரவே வர வேண்டும். இந்த மூன்றையும் வீட்டுக்காரிக்கும் தெரியட்டும் என்று குடோன் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்தேன்.

ஜூன் 29
படுத்தே கிடந்தால் ஆறும் என்று நம்பியிருந்தேன். தவறு. நடக்கும்போது தேவலை, உட்கார்ந்தால்தான் வேதனை. இன்று உட்கார்ந்தது 10 நிமிடம், நடந்தது 20.

ஜூலை 9
தூக்கமில்லை. மாத்திரை இரண்டு மணி நேரம்தான் கேட்டது.

ஜூலை 19
ஆடிக்காற்று குடோன் தகரத்தைப் பிய்க்கிறது. பிட்டத்தில் வலி கூடிவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் புலம்பினேன். மகள் நோட்டைப் பிரித்து, "அப்பா, பாதம் என்று எழுதி ஒன்பது நாளாகிறது, கெண்டைக்கால் என்று எழுதி நான்கு நாள்" என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வலி பாதத்தை விட்டு இடுப்பை நோக்கி ஏறுவது நல்ல அறிகுறியாம். நோட்டு இல்லாவிட்டால் நோய் முற்றுகிறது என்றே பயந்திருப்பேன்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. அவிநாசி வரை பஸ்ஸில் உட்கார்ந்தேன், பெருந்துறை வரை நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன். காலையில் நுனிவிரலில் எழுந்தது இடது 7. பவானி கூடுதுறையில் காலை நனைத்தபோது நான்கு விரல்களுக்குத் தண்ணீரின் குளிர்ச்சி தெரிந்தது. சுண்டுவிரலுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. படித்துறையிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டேன்.