மூன்றாவது அட்டை

மகளைக் கோல்ப் பழகக் கூட்டிக்கொண்டு போய் விடுவேன், முடிந்ததும் கூட்டி வருவேன். அந்த விளையாட்டோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான். 2022 கோடையில் அவளுடைய கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓகஸ்ட் 24 முதல் 27 வரை பாரிசுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான உலக அமெச்சூர் (பணத்துக்காக ஆடாதவர்கள்) அணிப் போட்டி, எஸ்பிரித்தோ சாந்தோ கிண்ணம். தொண்டர்கள் தேவையாம். "எனக்கு வயசு காணாது அம்மா, நீங்கள் போங்கோ" என்று மகளே படிவத்தை நிரப்பினாள். ஹாண்டிகாப், அதாவது ஆட்டத் திறமையைக் காட்டும் எண், எவ்வளவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டோம். அப்படியும் எடுத்துவிட்டார்கள்.

விளக்கக் கூட்டத்தில் பாதி விளங்கவில்லை. விளங்கியது இது: அணிக்கு மூன்று பேர், நான்கு நாள், நாளுக்கு 18 குழி. ஒவ்வொரு நாளும் மூவரில் குறைந்த அடிகளில் முடித்த இருவரின் கணக்குத்தான் அணிக்குச் சேரும். மைதானம் இரண்டு. ஒன்று 2018 இல் ஐரோப்பா, அமெரிக்கா ஆண்கள் அணிகள் மோதும் ரைடர் கிண்ணம் நடந்த லு கோல்ப் நசியோனால், மற்றது சான் நோம் லா பிரெத்தேஷ். எல்லா அணிகளும் இரண்டிலும் இரண்டிரண்டு நாள் ஆட வேண்டும். "அப்போ மூன்றாவது ஆளின் கணக்கு எழுதிய அட்டை?" என்று ஒருவர் கேட்டார். சமநிலை வந்தால் எடுத்துப் பார்ப்போம் என்றார் விளக்கியவர். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

எனக்குக் கிடைத்தது சான் நோம். லா டிபான்சில் L ரயில் ஏறினால் கடைசித் தரிப்பிடம், காட்டோரம். அங்கிருந்து காரில் ஏற்றிப் போனவர் எழுபது வயது தாண்டிய பழைய தொண்டர். 1964 இல் இந்தப் போட்டி முதன்முதலாக நடந்த சான் ஜெர்மன் மைதானம் கிட்டத்தான் என்றார். அமெரிக்காவை ஒரே ஒரு அடியில் பிரான்ஸ் வென்ற கதையை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அந்த அணியில் ஆடிய கத்ரின் லாகோஸ்த், முதலைச் சின்னச் சட்டைக்கார லாகோஸ்தின் மகள். 1967 இல் அமெச்சூராகவே அமெரிக்கப் பெண்கள் ஓபனை வென்றவர். அன்றுமுதல் இன்றுவரை வேறெந்த அமெச்சூரும் அதை வென்றதில்லை. கிண்ணத்தைக் கொடுத்தது போர்த்துக்கல்லின் எஸ்பிரித்தோ சாந்தோ குடும்பம். நான் அதுவரை அது ஏதோ சர்ச்சின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

என் வேலை பந்து பார்ப்பது. அடிக்கிற இடத்திலிருந்து இருநூறு மீற்றருக்கு மேல் தள்ளி நின்று, பந்து புல்லுக்குள் விழுந்தால் அந்த இடத்தில் சின்னக் கொடி குத்த வேண்டும். சொல்ல லேசு. வெள்ளைப் பந்து வெள்ளை வானத்தில் காணாமல் போய்விடும், 'தொப்' என்ற சத்தத்தை வைத்துத்தான் ஓட வேண்டும். அந்த வருடம் பிரான்ஸ் முழுக்க வறட்சி. நீர்க் கட்டுப்பாட்டில் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்கு, மட்டும் விலக்குக் கொடுத்ததற்கே பெரிய சண்டை. துலூஸ் பக்கம் யாரோ குழிகளுக்குள் சீமெந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். காய்ந்து வெளிறிய புல்லுக்குள் வெள்ளைப் பந்து தேடுவது குத்தரிசிக்குள் கல் பொறுக்கிற மாதிரி இல்லை, பச்சையரிசிக்குள் பொறுக்குகிற மாதிரி.

இரண்டாம் நாள், ஒரு பிள்ளையின் பந்து வலப்பக்கம் போனது. தேடத் தொடங்கினால் மூன்று நிமிடம்தான், 2019 க்கு முன் ஐந்து இருந்ததாம். அதற்குப் பிறகு அது தொலைந்த பந்து, தண்டனையோடு பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் அடிக்க வேண்டும். அவசரத்தில் கால் வைத்தேன். சப்பாத்துக்குக் கீழே ஏதோ உருண்டது.

பந்தேதான். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை, நாட்டுக்காக வந்திருக்கிறது, நான் வந்து கெடுத்துவிட்டேன். "சொறி, சொறி" என்று நாலைந்து தரம் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை பதறாமல் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டது. அவர் வந்து என்னிடம் ஒன்றேயொன்று கேட்டார்: முதலில் எங்கே கிடந்தது? புல்லை விலக்கிக் காட்டினேன். தேடும்போது தெரியாமல் அசைந்தால் தண்டனை இல்லை. இருந்த இடத்தை மதிப்பிட்டு, புல்லுக்கு அடியில் கிடந்ததென்றால் அடியிலேயே திரும்ப வைக்க வேண்டும். அதைத்தான் செய்தார்கள். பிள்ளை அடித்து வெளியே எடுத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டியது. அன்றைக்கு அதன் அணியில் மூன்றாவது அட்டை அதனுடையதுதான் என்று பின்னேரம் பலகையில் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நடந்தது கணக்கிலேயே இல்லை. வீடு வரும்வரை மனசு சரியில்லை.

கடைசி நாள் எனக்கு வேலையில்லை. மகளோடு கைபேசியில் பார்த்தேன். அமெரிக்க அணியில் அப்போது உலக அமெச்சூர் தரவரிசையில் முதலிடத்திலிருந்த ரோஸ் சாங். அவர்கள்தான் என்று மகள் முடிவே கட்டிவிட்டாள். முடிவில் அமெரிக்கா 559, சுவீடன் 559. "இனி பிளேஓவ்!" என்று, சமநிலையை உடைக்க மேலதிகமாக ஆடுவார்கள் என்று நினைத்து, அவள் சோபாவில் ஏறி நின்றாள். பிளேஓவ் இல்லையென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி நாளின் மூன்றாவது அட்டைகளை எடுத்தார்கள், சுவீடனுடையது நல்லதாக இருந்தது. 2004, 2008 க்குப் பிறகு கிண்ணம் மூன்றாவது முறையாக அவர்களுக்கு.

"உங்கள் பிள்ளை என்ன செய்தது?" என்று மகள் கேட்டாள். தேடிப் பார்த்தோம். கீழே எங்கேயோ அந்த நாடு. அந்தப் பிள்ளையின் அட்டை அன்றும் மூன்றாவதுதான், ஆனால் நான் மிதித்த நாளைவிட ஆறு அடி குறைவு.