கண்ணாடிய ஊட்டுல உட்டுட்டனுங்க தம்பி

ஜூன் 10, 2025, செவ்வாய்

திருப்பூருக்கு வந்து ஐந்து வருடத்தில் இப்படி ஒரு நாள் பார்த்ததில்லை. குழந்தைகள் சட்டை கட்டி அடுக்கிய நாற்பது பெட்டிகளைப் பிரித்து மறுபடி கட்டினோம். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் சும்மா ஒரு பெட்டியைத் திறந்தார். 116 சைஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பாலிபேக்குக்குள் 110 சைஸ் சட்டை. அதற்கப்புறம் அவர் எந்தப் பெட்டியையும் நம்பவில்லை.

தேடிக்கொண்டே போனால் பேக்கிங் அக்காவின் டேபிளில் போய் நின்றது. பதினான்கு வருடமாக அதே டேபிள், ஒரு புகார் கிடையாது. "கண்ணாடிய ஊட்டுல உட்டுட்டு வந்துட்டனுங்க தம்பி" என்றார். அவரைக் கண்ணாடியோடு நான் பார்த்ததே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கண்ணில் கோளாறு இல்லை. படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். இதுவரை சைஸுக்கு ஒரு கலரில் ஸ்டிக்கர் வரும். 104 பச்சை, 110 மஞ்சள். அக்கா கலரைப் பார்த்துக் கட்டிவிடுவார். இந்த ஆர்டரில் எல்லாமே கறுப்பு வெள்ளை பார்கோடு.

ஜூன் 11, புதன்

முதலாளி ஸ்கேனரும் டேப்லட்டும் வாங்கி வைத்துவிட்டார். ஸ்டிக்கர் மேல் காட்டினால் 'பீப்' என்று கத்தி சைஸைத் திரையில் காட்டும். இளவட்டங்கள் அரை மணி நேரத்தில் பழகிவிட்டார்கள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அந்தக் கருமத்த நான் தொட மாட்டனுங்க. என்னைய பிசிறு வெட்டறதுக்கே அனுப்பீருங்க."

பிசிறு வெட்டினால் சம்பளம் குறையும். தெரிந்தேதான் கேட்கிறார். "கத்துக்கற எண்ணமே இல்லாதவங்கள வெச்சு என்ன பண்றது?" என்று முதலாளி என்னிடம் கத்தினார். எனக்கும் அக்கா மேல் கோபம்தான். அரை மணி நேர வேலைக்கு இத்தனை வீம்பா?

ஜூன் 14, சனி

சம்பள நாள். அக்கா கையெழுத்துப் போடுவதை இன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுதவில்லை, வரைகிறார். கடைசி எழுத்தின் கொம்பை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் முன்னால் வருகிறார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலில் இருந்து வரைய வேண்டும்.

வீம்பு என்றால் டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பையனிடம்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். பத்தாவது பாஸ். ஓவர்லாக் தையல் மெஷின் பழகிக்கொள்ளடா என்று ஒரு வருடமாகச் சொல்கிறேன், நழுவுகிறான். இன்று பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "பீஸ் ரேட்டுங்கண்ணா. பழகற வரைக்கும் கால்வாசி பீஸ்கூட ஓடாது. அந்த ரெண்டு மாச வாடகைய யாரு குடுப்பா?" நான் டெய்லராக இருந்து சூப்பர்வைசர் ஆனவன். எனக்குப் பழகும்போது சோறு போட்டது அண்ணன். அதை அவனிடம் சொல்லவில்லை.

பதினைந்து வயது தாண்டியவர்களுக்கு என்றே புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. சரி, எங்கள் ஆட்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து இறங்கும்போது இரவு 8.30. அப்புறம் சோறாக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தபோது அம்மாவுக்கு 28 வயது. பகலெல்லாம் குவாரியில் சல்லி உடைப்பு, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் பாடம். அ, ஆ என்று தொடங்கவில்லையாம்; 'பட்டா', 'படி' என்றுதான் ஆரம்பித்தார்களாம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தோடு சேர்த்தார். அம்மா இரண்டையும் கற்றுக்கொண்டார்.

எழுத்து போய்விட்டது. இயக்கம் ஓய்ந்த பிறகு வீட்டில் படிக்க ஒரு தாள் கிடையாது, எழுதவும் வேலையில்லை. சைக்கிள் போகவில்லை, 62 வயதிலும் ரேஷன் கடைக்கு அதில்தான் போகிறார். ஆனால் 2011 கணக்கெடுப்புக்கு வந்த டீச்சரிடம் "எழுதப் படிக்கத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற 80.09 சதவீதத்தில் எங்கம்மாவும் ஒரு ஆள்.

"அந்தம்மாவ நாலு பேரு முன்னாடி கத்துக்கச் சொன்னியாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மாட்டைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

டீ நேரத்தில் டேபிளில் யாரும் இல்லை. ஸ்டிக்கர் இல்லாத ஒரு சட்டையை அக்காவிடம் கொடுத்தேன். முழங்கையில் வைத்து நீட்டிப் பார்த்தார். "ஆறு வயசுப் பையனுக்குங்க." தைத்த லேபிளைத் திருப்பினேன், 116. சரிதான்.

அந்த எண் சட்டையின் அளவு இல்லை, குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில் என்றேன். ஐரோப்பாவில் அப்படித்தான், ஆறு ஆறாக ஏறும். அக்கா சட்டையைக் கீழே வைத்துவிட்டார். "உசரமா? இத்தன வருசமா யாருமே சொல்லலைங்களே. அப்ப என்ற பேரன் எத்தனைங்க?"

ஜூன் 19, வியாழன்

காலையிலேயே முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தையல் நூலை எடுத்து நீட்டினார். பேரனைச் சுவரோடு நிறுத்தி உச்சி முதல் பாதம் வரை அளந்து அறுத்தது. டேப்பில் வைத்தோம். 113.

"ரெண்டுக்கும் நடுவால நிக்கறானே. எது போடறதுங்க?"

"பெருசுதான்க்கா. வளருவான்ல."

இரண்டு எண்ணையும் ஸ்டிக்கரில் காட்டினேன். 110-ல் கடைசியில் முட்டை, 116-ல் கடைசியில் வால் தூக்கிய சுழி. மத்தியானத்துக்குள் 98 முதல் 128 வரை ஆறு எண்களும் வந்துவிட்டன. அந்த நூலை டேபிள் ஆணியில் மாட்டியிருக்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

மீதிப் பெட்டிகள் கிளம்பின, ஒரு பிழை இல்லை. ஸ்கேனரை அக்கா இன்னும் தொடவில்லை. கைமடிப் பையன் வந்து அவருக்காக 'பீப்' அடித்துவிட்டுப் போகிறான். பதிலுக்கு அவனுக்கு மத்தியானம் ரசம். முதலாளிக்குத் தெரியாது.

சாயங்காலம் புது ஆர்டர் வந்தது. பெரியவர்கள் டீ-சர்ட். எஸ், எம், எல், எக்ஸ்எல். ஸ்டிக்கர் ரோலை அக்காவின் டேபிளில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கண்ணாடிய ஊட்டுல உட்டுட்டு வந்துட்டனுங்க தம்பி."